கல்லூரி திறக்கும் முன் நான்கு நாள் சென்னை: காவிரிக் கரை மாணவருக்கு ஒரு வழித்துணை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து, கலந்தாய்வு முடிந்து, சேர்க்கைக் கட்டணமும் கட்டியாகிவிட்ட பிறகு, கல்லூரி திறக்கும் வரை பத்துப் பன்னிரண்டு நாள்கள் கையில் மிஞ்சும். பள்ளியிலிருந்து வெளியே வந்தாயிற்று, கல்லூரிக்குள் இன்னும் நுழையவில்லை என்னும் அந்த இடைவெளியில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர், ஒருமுறை சென்னைக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் கேட்கத் தொடங்குகிறார்கள். சென்ற ஆண்டு என் அக்கா மகன் கேட்டான். அவனுக்குக் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் கணிதப் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரும் தூரம் என்பதால், இனி மூன்று ஆண்டுக்கு அவனுக்கு ஊரை விட்டு நகர வேண்டிய தேவையே இல்லை. அதனாலேயே அவன் போய்வருவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. அவனுக்காகத் திட்டம் போட்டபோதும், அவன் திரும்பி வந்து சொன்னபோதும், அதற்கு வெகுகாலம் முன்பு நானே பட்டபோதும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான்கு நாளில் சென்னையைப் பார்த்து முடிக்க முடியாது. முடிக்க முயலவும் வேண்டாம். வண்டலூர், மெரினா, தி.நகர், பெரிய வணிக வளாகம், திரையரங்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வரும்போது, கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கும். எழும்பூரிலிருந்து அடையாற்றுக்கு எப்படிப் போவது என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். நாளுக்கு இரண்டு இடம் போதும். அந்த இடங்களும் நம் ஊரோடு ஏதாவதொரு வகையில் தொடர்புள்ளவையாக இருந்தால் பார்த்தது மனத்தில் ஒட்டும். நான்கு நாளில் ஒரு நாளாவது யாருடைய துணையும் இல்லாமல் சுற்ற வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டுகளில், கல்லூரி திறப்பும் குறுவைச் சாகுபடி வேலையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். நிலம் உள்ள வீடானால், நான் எப்போது போகட்டும் என்று அப்பாவிடம் கேட்பதற்கு முன், நாற்றுப் பறிப்பும் நடவும் எந்த நாளில் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாதி அனுமதி அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றில் ஏதாவது பாக்கி இருந்தால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுப் புறப்படுங்கள். நீங்கள் சென்னையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று தன் பயணத்தைத் தொடர்ந்துகொண்டிருக்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கில் ஆதார் எண் இணைந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட்டால், கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வங்கி வாசலில் நிற்க வேண்டியிராது.

மதிப்பெண் சான்றிதழ் போன்ற அசல் ஆவணம் எதையும் பயணத்தில் எடுத்துச்செல்லாதீர்கள். ஆதார் அட்டையும் அதன் நகல் இரண்டும் போதும். யார் அடையாளம் கேட்டாலும் அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அசலைக் கையை விட்டு விடாதீர்கள். நான் படிப்பு முடித்த புதிதில் சென்னையில் ஒரு விடுதியில் தங்கினேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் என் அடையாள அட்டையை வாங்கி மேசை அறைக்குள் போட்டுக்கொண்டார். அறையைக் காலி செய்தபோது அவரும் திருப்பித் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. திண்டிவனத்தில் பேருந்து நின்று, தேநீர் குடிக்கச் சட்டைப் பையில் சில்லறை தேடியபோதுதான் நினைவு வந்தது. தபாலில் அனுப்பிவிடுகிறோம் என்று மூன்று முறை தொலைபேசியில் சொன்னார்கள். கடைசியில் நானே போய்த்தான் வாங்கி வந்தேன்.

போக்குவரத்து

இரவு வண்டியானால் தஞ்சாவூரிலிருந்து உழவன், மன்னார்குடியிலிருந்து மன்னை. பகல் வண்டியானால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் சோழன். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், கலந்தாய்வு முடிந்து நாள் குறிக்கும் நேரத்தில் இரவு வண்டிகளில் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சியிருக்கும். தட்கலில் படுக்கை வசதிப் பெட்டிக்கு, வண்டி தொடக்க நிலையத்திலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குப் பதிவு தொடங்கும். இரவு வண்டியில் இன்னொரு கண்ணி உண்டு: வண்டி தொடக்க நிலையத்திலிருந்து இரவில் கிளம்பி, உங்கள் நிலையத்துக்கு நள்ளிரவு கழித்து வருமானால், பயணச்சீட்டில் இருக்க வேண்டியது மறுநாள் தேதி. இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ நடைமேடையில் நின்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர் பகல் வண்டியில் போவதே நல்லது என்பேன். எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் வருகிறது, எங்கே வயல் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிறது, எங்கிருந்து கட்டடங்கள் நெருங்குகின்றன என்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனால், போய்ச் சேரும் ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது உடம்புக்கே தெரியும். எழும்பூர் நிலையத்தில் நடக்கும் மறுசீரமைப்புப் பணியால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதுண்டு. ஆகவே, உங்கள் வண்டி எதுவரை செல்கிறது என்று புறப்படும் நாளன்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். பேருந்தில் போகிறவர்கள், தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் முதல் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை வந்துவிட்டது என்று நடத்துநர் சொன்ன பிறகும் எழும்பூருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்கலாம், அல்லது பக்கத்திலுள்ள வண்டலூர் போன்ற நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் போகலாம்.

வழிக்கு வீட்டுச் சாப்பாடே நல்லது. இட்லியின் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவி, அனலில் லேசாக வாட்டிய வாழையிலையில் கட்டினால், இலையும் கிழியாது, இட்லியும் காய்ந்துபோகாது. நெடுஞ்சாலை நெடுகக் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகைகள் வரும். கும்பகோணத்துக்காரர்கள் அதைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

தங்கும் இடம்

உங்களுக்கு 18 வயது நிரம்பாவிட்டால், பெரும்பாலான விடுதிகளில் தனியாக அறை தரமாட்டார்கள். ஆகவே உறவினர் வீடுதான். நம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் என்று எங்காவது இருக்கத்தான் செய்வார்கள். அங்கே இரண்டே அறையுள்ள அடுக்குமாடி வீட்டில் நீங்கள் நான்காவது அல்லது ஐந்தாவது ஆளாகப் போய்ச் சேருகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். காலையில் குளியலறை அவசரம் யாருக்கு முதலில் என்று முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். மத்தியானம் சாப்பிட வரமாட்டீர்கள் என்றால் அதை அத்தையிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்க வைப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. கையில் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு கட்டு வாழையிலையும், நான்கு தேங்காயும், கொஞ்சம் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் கொண்டுபோங்கள். கொல்லையில் சும்மா கிழிந்து தொங்கும் இலைக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பதை, அதை வாங்கும் கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நகருக்குள் சுற்றுவது

மின்சார ரயில்தான் முதுகெலும்பு. கடற்கரை, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் என்னும் ஐந்து பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டால் பாதி நகரம் புரிந்துவிடும். கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை வழியாக வேளச்சேரிக்குப் போவது பறக்கும் ரயில். மெட்ரோ ரயில் குளிர்பதன வசதியோடு விரைவாகப் போகும். கட்டணம் சற்றுக் கூடுதல். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

மின்சார ரயிலில் ஏறும்போது ஒரு பெட்டி மட்டும் காலியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து ஏறாதீர்கள். அது முதல் வகுப்பாகவோ மகளிர் பெட்டியாகவோ இருக்கும். என் அக்கா மகன் மாம்பலத்தில் அப்படித்தான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, சீட்டு என்ன வகுப்பு?" என்று கேட்டதும் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினான். அபராதம் கட்டாமல் தப்பித்தது அவர் புண்ணியம். காலை எட்டரை முதல் பத்தரை வரையும், மாலை ஐந்தரைக்குப் பிறகும் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறுவதாக இருந்தால், செயலியில் அந்தத் தூரத்துக்கு என்ன கட்டணம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

முக்கியமான மூன்று தொலைபேசி எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசி அணைந்துவிட்டால் அம்மாவின் எண்ணே நினைவுக்கு வராத காலம் இது. ரயில் தொடர்பான உதவிக்கு 139, பெண்களுக்கான உதவிக்கு 181, அவசரம் எதுவானாலும் 112.

எங்கே போவது

முதல் நாள் காலை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். 1851இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், நாளைப் பார்த்துப் போங்கள். வளாகம் பெரியது, எல்லாக் கூடத்திலும் நுழைந்தால் கால் வலிதான் மிச்சம். நேராக வெண்கலப் படிமங்களைத் தேடிப் போய்விடுங்கள். சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் அங்கே நிற்கிறார். கொஞ்சம் தள்ளி நின்று கைகளை எண்ணுங்கள்: சிவனுடைய வலப்பக்கத்தில் இரண்டு, உமையின் இடப்பக்கத்தில் ஒன்று, ஆக மூன்றே கை. பிறகு இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக இறங்கும் கோடு மறுபக்கம் வளைந்து இறங்குகிறது. இரண்டு உடல்களை வெட்டி ஒட்டிய இடம் எது என்று தேடினால் கிடைக்காது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தர் படிமங்கள் பலவும் இங்கே இருக்கின்றன. நாம் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்துபோகும் ஊர்களிலிருந்து வந்தவை இவை என்று நினைத்துப் பார்த்தால், திரும்பும் வழியில் அந்த ஊர்ப் பெயர்ப் பலகைகள் வேறு விதமாகத் தெரியும்.

அருங்காட்சியகத்தை ஒட்டியே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் நாளை நான் அவனுக்காகத் தனியாக யோசித்து வைத்தேன். அவன் சேரப்போகும் கல்லூரி 1854இல் தொடங்கியது. அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்துவிட்டு, அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனவர் உ.வே.சாமிநாதையர். பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கிக் கடற்கரைச் சாலைக்கு நடந்தால், மாநிலக் கல்லூரி வளாகத்தில் கடலைப் பார்த்தபடி அவர் சிலை நிற்பதைக் காணலாம். அவர் சேர்த்த ஏட்டுச்சுவடிகளுக்காக 1943இல் தொடங்கப்பட்ட நூலகம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. ஆய்வாளர்களுக்கான இடம் என்பதால், உள்ளே பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது முறை.

மறு கோடியில் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் ராஜாஜி சாலை, அதையொட்டித் துறைமுகம். கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தவறி, கடைசியில் 1912 மார்ச்சில் இந்தத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் இராமானுஜன். இரண்டு ஆண்டு கழித்து, 1914 மார்ச் 17 அன்று, இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். பாதுகாப்புப் பகுதியாகையால் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று பார்க்கச் சுவரும், சரக்கு வண்டிகளும், தூரத்தில் பளுதூக்கிகளும்தான் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான் அவன் அதிக நேரம் நின்றதாகச் சொன்னான். கணிதம் எடுக்காத மாணவர்கள் இந்த இடத்தை விட்டுவிட்டு, உங்கள் பாடத்துக்கும் ஊருக்கும் ஏற்ற வேறொரு இழையைப் பிடித்துக்கொண்டு போகலாம். யோசித்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று அகப்படும்.

மாலையில் கடற்கரைக்குப் போவீர்கள். போகாமல் இருக்க முடியாது. ஆனால் குளிக்க இறங்காதீர்கள். மெரினாவில் மூழ்கிப்போகிறவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. காவிரியிலும் குடமுருட்டியிலும் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் இராது, அதுதான் ஆபத்து. ஆற்றில் இழுப்பு ஒரே திசையில் போகும். அதன் போக்கிலேயே சாய்ந்து நீந்திக் கரையேறிவிடலாம். இங்கே கரையை ஒட்டியே தரை சரிவாக இறங்குகிறது. வந்த அலை திரும்பிப் போகும்போது காலடி மணலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கணுக்கால் நனைந்தால் போதும்.

மூன்றாம் நாள் தனியாகச் சுற்றும் நாள். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அதற்குப் பரிந்துரைப்பேன். ஒன்பது தளங்கள், துறைவாரியாகப் பிரித்து வைத்த புத்தகங்கள். உங்கள் பாடம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போய், முதலாண்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை; கல்லூரி அதற்காகத்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே போகவும் திரும்பவும் வழியை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமாவோ அண்ணனோ வண்டியில் கொண்டுவந்து விடக் கூடாது. தவறான பேருந்தில் ஏறிவிட்டால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திரும்ப ஏறுங்கள். அவ்வளவுதான் நடக்கும். பசித்தால், 2013 முதல் நடக்கும் அம்மா உணவகங்களில் ஒன்று எங்காவது கண்ணில் படும். 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர்ச் சாதமும் கிடைக்கும்.

கடைவீதிக்கு அரை நாள் போதும். உடுப்பும் செருப்பும் பாண்டி பஜாரில் வாங்கலாம். மாம்பலம் நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் இருப்பதால் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்காமலே வெளியே வந்துவிடலாம். பாடப்புத்தகம் மட்டும் வாங்காதீர்கள். பாடத்திட்டம் கைக்கு வருமுன் வாங்கிய புத்தகம் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் பயன்படும்.

திரும்புவது

கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் காலையில் வந்து இறங்குவதுபோல் திட்டமிடாதீர்கள். இரண்டு முழு நாள் இடைவெளி இருக்கட்டும். ஒரு நாள் தூங்கவும் துணி துவைக்கவும் போய்விடும். மற்றொரு நாள் பேருந்துப் பயண அட்டைக்குப் புகைப்படம், கல்லூரி கேட்ட நகல்களுக்குச் சான்றொப்பம், கோயில், பாட்டி வீடு என்று கரைந்துவிடும். புறப்படும் முன், தங்கிய வீட்டில் படுக்கை விரிப்பை மடித்து வைத்துவிட்டு, எல்லாரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் முதல் தொலைபேசி அந்த வீட்டுக்கு.

வரும்போது இரவு வண்டியாகவே இருக்கட்டும். சிதம்பரம் தாண்டியதும் விழித்துக்கொள்ளும்படி கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கொள்ளிடப் பாலம் வரும். தரையில் ஓடும் சத்தம் மாறி இரும்பில் ஓடும் சத்தம் கேட்டவுடன் எழுந்து முகம் கழுவி, இருக்கைக்கு அடியில் மின்னூட்டியோ செருப்போ விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துப் பையைக் கட்டினால், மயிலாடுதுறையில் இறங்குகிறவருக்கும் பதற்றமில்லாமல் இறங்க நேரம் இருக்கும்.